டிகிரிக்கும் அனுபவத்துக்கும் என்ன ரேட்?

அமெரிக்காவின் எச்-1பி விசா விதிகளுக்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அந்த விசாவில் வேலைக்குப் போக, துறைக்கு ஏற்ற ஓர் இளநிலைப் பட்டமாவது வேண்டும். அங்கே இளநிலைப் பட்டம் என்றால் நான்கு வருடம். நம்மில் பலரிடம் இருப்பதோ மூன்று வருட பி.எஸ்சி. அந்த ஒரு வருடப் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது? வேலை அனுபவத்தைப் போட்டு நிரப்பலாம் என்கிறது விதி. எவ்வளவு? குறைகிற ஒவ்வொரு வருடப் படிப்புக்கும் அதே துறையில் மூன்று வருட வேலை. சும்மா "வேலை பார்த்தேன்" என்றால் போதாது, பட்டதாரிகள் செய்கிற தரத்திலான வேலை அது என்று காகிதத்தில் காட்டவும் வேண்டும்.

நாம் பட்டிமன்றத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசும் விஷயத்துக்கு ஓர் அரசாங்கம் ரேட்டே போட்டு வைத்திருக்கிறது. ஒன்றுக்கு மூன்று.

இந்த ரேட் நியாயமா என்பது வேறு பேச்சு. ஆனால் கேள்வியை இது நன்றாகத் திருத்திக் கொடுக்கிறது. "டிகிரி பெரிதா, அனுபவம் பெரிதா" என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். "நான் போகிற இடத்தில் ஒன்றுக்கு எத்தனை" என்று கேட்டால் பதில் கிடைக்கும். நம் ஊரில் இப்படி எழுதி ஒட்டிய ரேட் இல்லை, அவ்வளவுதான். எழுதாத ரேட் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சியில் ஒன்று, ஓஎம்ஆர் ஐடி கம்பெனியில் ஒன்று, கோவை குறிச்சி சிட்கோவில் இருக்கும் லேத் பட்டறையில் இன்னொன்று.

அரசு வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம், அங்கே கணக்கு சுலபம். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். ஒரு தனியார் அலுவலகத்தில் இருபது வருடம் கணக்கு வழக்கைத் தனியாளாகத் தாங்கியவர் என்றாலும், பட்டம் இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது. அங்கே அனுபவத்தின் ரேட் பூஜ்யம். வாங்கிய பட்டம் எந்த வழியில் வந்தது என்றும் பார்ப்பார்கள். பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. இது தெரியாமல் மூன்று வருடம் பணம் கட்டிப் படித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் வந்து நிற்பவர்கள் உண்டு.

குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும். ஆனால் யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் பி.இ. முடித்தவர்கள், எம்.ஏ. முடித்தவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். அவர்களுடைய பட்டத்துக்கு அந்தத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் ஒன்றும் கிடையாது. அதே தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போக வேண்டும் என்றால் டைப்ரைட்டிங் சான்றிதழ் கேட்பார்கள். பொறியியல் பட்டத்துக்கு இல்லாத மரியாதை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வாங்கிய ஹையர் சர்டிபிகேட்டுக்கு! ரேட் இடத்துக்கு இடம் மாறும் என்று சொன்னது இதைத்தான்.

சட்டமே பூட்டுப் போட்டு வைத்திருக்கும் தொழில்களில் விவாதத்துக்கே இடமில்லை. டாக்டர், வக்கீல், நர்ஸ் எல்லாம் அப்படித்தான். மருந்துக்கடையில் பதினைந்து வருடமாக நிற்கும் அண்ணனுக்கு எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்பது மட்டுமல்ல, டாக்டரின் கிறுக்கல் எழுத்தும் மனப்பாடம். ஆனால் 1948ஆம் வருட மருந்தியல் சட்டப்படி மருந்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் இருக்கும் பெயர் அண்ணனுடையது அல்ல.

சரி, எதற்காக இந்தக் காகிதங்கள்? வேலைக்கு ஆள் எடுப்பவர் உண்மையில் எதைத் தேடுகிறார்?

பொருளாதாரத்தில் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று கேரி பெக்கர் 1960களில் விரித்துச் சொன்னது. படிப்பும் பயிற்சியும் மனிதன் மேல் போடும் முதலீடு, இயந்திரம் வாங்கிப் போடுவது போல. படித்தவனுக்குத் திறமை கூடுகிறது, அதனால் சம்பளமும் கூடுகிறது. இன்னொன்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய கட்டுரை. முதலாளிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாது. பொறுமை உள்ளவனா, சொன்னதை முடிப்பவனா, எதுவும் தெரியாது. அதனால் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற ஓர் அடையாளத்தைத் தேடுகிறார். எட்டு செமஸ்டரை அரியர் இல்லாமல் தாண்டியவன் என்றால் ஏதோ கொஞ்சம் ஒழுங்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். அந்த எட்டு செமஸ்டரில் அவன் படித்தது வேலைக்கு ஒரு பைசா பிரயோஜனப்படாவிட்டாலும் இந்த அடையாளம் வேலை செய்யும் என்பதுதான் ஸ்பென்ஸின் குறும்பு. பெக்கருக்கு 1992இலும் ஸ்பென்ஸுக்கு 2001இலும் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒருவர், படிப்பு ஆளை மாற்றுகிறது என்றார். மற்றவர், ஆளைக் காட்டிக்கொடுக்கிறது என்றார். நான் பார்த்த வரையில் இரண்டும் நடக்கிறது, வேலையைப் பொறுத்து அளவு மாறும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். டிகிரி, அனுபவம் இரண்டுமே சாட்சிகள். தெரியாத ஆளைப் பற்றி முதலாளியிடம் சாட்சி சொல்ல வந்தவை. எந்தச் சாட்சியை நம்புவார் என்பது அவருக்கு எது தெரியாமல் இருக்கிறது என்பதையும், தானே சோதித்துப் பார்க்க எவ்வளவு செலவாகும் என்பதையும் பொறுத்தது. பரோட்டாக் கடைக்காரர் மாஸ்டரை எடுக்கும்போது சான்றிதழ் கேட்பதில்லை. மாவைக் கொடுத்து வீசச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஐடி கம்பெனிக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, எல்லாரையும் மாவு வீசச் சொல்ல முடியாது. அதனால்தான் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது என்று முதல் சல்லடையைப் போடுகிறார்கள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் மார்க்குக்கும் ஜாவா எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று பையன்கள் கோபப்படுவார்கள். சம்பந்தம் இல்லைதான். கூட்டத்தைக் குறைக்க ஒரு வழி வேண்டியிருக்கிறது, இது செலவில்லாத வழி.

என் கதையையும் சொல்கிறேன். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் இன்டர்வியூ மேஜையில் உட்கார்ந்தவன் நான். கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் கடையும் சிஎன்சி மெஷின் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி அதிகம் கேட்க மாட்டோம். மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு ஷாஃப்டையும் (சுழலும் தண்டு), டிராயிங்கையும், நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுப்போம். பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர், 13 மைக்ரான் வரை குறையலாம், கூடக் கூடாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அளந்து சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பி.இ. முடித்த பையன் ஒருவனும், ஐடிஐ ஃபிட்டர் முடித்து ஆறு வருடம் சின்னப் பட்டறைகளில் ஓடிய ஒருவரும் வந்திருந்தார்கள். பையன் மைக்ரோமீட்டரை அழகாகப் பிடித்து அளந்து, ஓகே சார், அளவுக்குள்தான் இருக்கிறது என்றான். அடுத்தவர் ஷாஃப்டைக் கையில் வாங்கினார், துணியில் துடைத்தார், திரும்ப மேஜையில் வைத்துவிட்டார். "சூடா இருக்குதுங்க சார். ஆறட்டுங்க" என்றார்.

இரும்பு சூட்டில் விரியும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் இருக்க வேண்டியதைவிட இருபது டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 13 மைக்ரானுக்குள் விளையாடும் இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், வெப்ப விரிவுக்கான சூத்திரம் பையனுக்குத் தெரியும். கேட்டபோது எழுதியே காட்டினான். அவரால் எழுத முடியவில்லை. ஆனால் ஆறட்டும் என்று காத்திருக்கத் தெரிந்தது அவருக்குத்தான். சூடாக அளந்து அனுப்பி, லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகி வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு சனிக்கிழமை அவர் வாழ்க்கையில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரையும் எடுத்தோம். ஆரம்பச் சம்பளம் அவருக்குத்தான் அதிகம். இங்கே கதையை நிறுத்தினால் அனுபவம் ஜெயித்தது என்று கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கதை நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் ஏற்றுமதி ஆர்டர் வந்தது. வாடிக்கையாளர் கேட்கும் ரிப்போர்ட், புது மெஷினின் மேனுவல், வெளிநாட்டு இன்ஸ்பெக்டரிடம் ஏன் இந்த அளவு ஓடுகிறது என்று விளக்கிப் பேசுவது என்று வேலையின் முகமே மாறியது. பையன் அதற்குள் ஆறவைத்து அளக்கக் கற்றுக்கொண்டிருந்தான், சூத்திரமும் கூடவே இருந்தது. ஐந்தாவது வருடம் அவன் புரொடக்‌ஷன் இன்ஜினியர். அவர் மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் செட்டர், நல்ல செட்டர், அதற்கு மேல் ஏணியில் படி இல்லை. நிர்வாகத்திடம் அவருக்காக ஒரு முறை பேசிப் பார்த்தேன். "அந்தப் போஸ்டுக்கு டிப்ளமோவாவது வேணுமே" என்று முடித்துவிட்டார்கள். அவரிடம் கற்றவர்களே அவருக்கு மேலதிகாரி ஆனதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அது இன்னும் நியாயமாகப் படவில்லை.

தொழிற்சாலைகளில் இது எழுதாத விதி. பி.இ. என்றால் ஒரு வாசல், டிப்ளமோ என்றால் ஒரு வாசல், ஐடிஐ என்றால் இன்னொன்று. உள்ளே நுழைந்த பிறகு திறமை பேசும், ஆனால் நுழைந்த வாசல் எந்த மாடி வரை போகிறதோ அதுவரைதான். முதல் மூன்று நான்கு வருடம் இந்தக் கூரை கண்ணுக்கே தெரியாது. முப்பத்தைந்து வயதில் தலையில் இடிக்கும். இருபது வயதில் "டிகிரி எதுக்கு மாமா, என் ஃபிரெண்டு டெலிவரி வேலையில் மாதம் இவ்வளவு எடுக்கிறான்" என்று கேட்கும் மருமகனுக்கு நான் சொல்வது இந்தக் கூரையைப் பற்றித்தான். அவன் கணக்கு இன்றைக்குச் சரி. பதினைந்து வருடம் கழித்தும் அந்தக் கணக்கு நிற்குமா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டிகிரி பக்கத்துக் கதையும் அவ்வளவு இனிப்பானதல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் இந்தியா பற்றி வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். இதைப் பார்த்ததும் படிப்பதே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படிக்காதவனுக்கு வேலை இல்லாமல் வீட்டில் உட்கார வசதி கிடையாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான், அதனால் கணக்கில் அவன் வேலையில் இருப்பவன். பட்டதாரி, தன் பட்டத்துக்கு ஏற்ற வேலை வரும் என்று காத்திருக்கிறான், அப்பா அம்மாவும் இரண்டு வருடம் தாங்குகிறார்கள். அந்த 29.1க்குள் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள், கேம்பஸில் தவறியவர்கள் என்று எத்தனையோ விதமான காத்திருப்புகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் இங்கே கல்லூரிச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் ஸ்பென்ஸின் கண்ணால் பாருங்கள். ஊரில் நூற்றில் ஐந்து பேர் பட்டதாரியாக இருந்த காலத்தில் பட்டம் உங்களைத் தனியாகக் காட்டியது. பாதிப் பேரிடம் இருக்கும்போது அது யாரையும் தனியாகக் காட்டாது. இல்லாதவரை மட்டும் வெளியே தள்ளும். அதனால்தான் டிகிரி இருந்தும் வேலை இல்லை, டிகிரி இல்லாமலும் வேலை இல்லை என்ற விசித்திரம்.

ஐடியில் ரேட் வேகமாகச் சரியும். ஃபிரெஷராக நுழையும்போது கல்லூரிப் பெயர், சதவீதம் எல்லாம் பேசும். நான்கு வருடம் போனால் என்ன புராஜெக்ட் செய்தாய் என்பதுதான் பேச்சு, கல்லூரிப் பெயர் ரெஸ்யூமேயின் கடைசிக்கு இறங்கிவிடும். இங்கே பட்டம் முதல் கதவைத் திறக்கிற சாவி, உள்ளே போனபின் பாக்கெட்டில் கிடக்கும். விதிவிலக்குகளும் உண்டு. மென்பொருள் நிறுவனமான ஸோஹோ தன் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கிறது. அவர்களால் முடிவதற்குக் காரணம் எளிது, ஒரு வருடத்துக்கு மேல் பையனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நேரில் பார்த்த பிறகு சாட்சி எதற்கு?

வெளிநாடு என்றால் கணக்கு மறுபடியும் மாறும். வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாருக்கும் வெல்டருக்கும் அனுபவம்தான் சோறு போடும், வேலையைச் செய்து காட்டச் சொல்லும் டிரேட் டெஸ்ட்டில் கை பேச வேண்டும். ஆனால் அவர் பாஸ்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூடக் காகிதம் ஒளிந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட், இல்லையென்றால் சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். ஒரே திறமை, ஒரே சம்பளம், ஒரு மார்க் ஷீட் வித்தியாசம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சி.ஏ. படிப்பைப் பாருங்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் என்ற வேலைப் பயிற்சியை முடிக்காமல் யாரும் ஆடிட்டர் ஆக முடியாது. முன்பு மூன்று வருடம், 2023இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு. அனுபவத்தைப் படிப்புக்குள்ளேயே தைத்து வைத்திருக்கிறார்கள். மற்ற படிப்புகளுக்கு அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம். பட்டதாரியும் டிப்ளமோ முடித்தவரும் ஒரு வருடம் நிறுவனத்தில் பயிற்சி எடுக்கலாம், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. இந்தப் பயிற்சிக்குத் தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. வேலைக்கு உத்தரவாதம் கிடையாது, ஆனால் முடிவில் அரசுச் சான்றிதழோடு வெளியே வருவீர்கள். நல்ல கல்லூரியில் படிக்காத, கேம்பஸ் பார்க்காத பிள்ளைகளுக்கு இதை நான் அதிகம் சொல்வேன். பலர் உதவித்தொகை குறைவு என்று தள்ளிவிடுகிறார்கள்.

ஐடி நிறுவனமான எச்சிஎல் 2017இலிருந்து நடத்தும் டெக்பீ திட்டம் வேறு வழி. பிளஸ் டூ முடித்ததும் பயிற்சி, பிறகு வேலை, வேலையில் இருந்துகொண்டே பட்டம். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவையில் பழைய வழி ஒன்று இருக்கிறது, பகுதிநேர பி.இ. பகலில் ஷிஃப்ட், மாலையில் வகுப்பு, மூன்றரை வருடம். அதில் சேர வேலை அனுபவம் வேண்டும். பட்டத்துக்கான நுழைவுச்சீட்டே அனுபவம்! நம் செட்டருக்கு டிப்ளமோ இருந்திருந்தால் அங்கேதான் அனுப்பியிருப்பேன்.

பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவர்களுக்கும் அனுபவத்தைக் காகிதமாக்க வழி உண்டு. வயரிங் வேலையில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம் இருந்தால், அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். ஐடிஐ வாசலையே மிதிக்காதவரும் தேறினால் சான்றிதழ் வாங்கலாம்.

கடைசியாக, நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடும் இடம். டிகிரி என்ற சாட்சிக்குப் பல்கலைக்கழகம் முத்திரை போட்டுக் கொடுக்கிறது. அனுபவம் என்ற சாட்சிக்கு முத்திரையை நீங்களேதான் சேகரிக்க வேண்டும். பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் வந்தவர்களை மேஜைக்கு அந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். மெஷினைக் கொடுத்தால் நிரூபிப்பார்கள். ஆனால் பெரிய கம்பெனியில் மெஷின் வரைக்கும் போவதற்கு முன்பே சரிபார்ப்பு ஆட்கள் நிறுத்திவிடுவார்கள். போலி எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தரும் ஏஜென்சிகள் பெருகியதால் இப்போது வெறும் லெட்டரை யாரும் நம்புவதில்லை. பி.எஃப். கணக்கில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று பார்க்கிறார்கள். பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் பி.எஃப். பிடித்தாக வேண்டும், "பி.எஃப். வேண்டாம், கையில் சேர்த்துத் தருகிறோம்" என்று சொன்னால், உங்கள் அனுபவத்தின் முத்திரையையும் சேர்த்துத்தான் விலைக்குக் கேட்கிறார்கள்.

பி.எஃப். இல்லாத சின்னப் பட்டறை என்றால் சம்பளம் வங்கி வழியாக வரட்டும். விலகும்போது லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஓட்டிய மெஷின் பெயர், கையெழுத்து, சீல். ஓனரிடம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவதாக இருந்தால், இதை வாங்கிய பிறகு சண்டை போடுங்கள்.